வீட்டுக்குள் ஒரு பெரட்டு

“உங்கப்பா சரியான எம்டன்!” என்று யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். எம்டன் ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு அது சென்னை மீது குண்டு வீசியது. அக்டோபர் 28ஆம் தேதி நமது பினாங்குத் துறைமுகத்திற்குள் புகுந்து ஒரு ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. அந்தப் பெயர், அஞ்ச வைக்கும் ஆளுக்குத் தமிழில் பட்டமாக நின்றுவிட்டது.

2006இல் வந்த ‘எம் மகன்’ படத்தில் நாசர் அப்படியோர் அப்பா. கும்பகோணத்தில் மளிகைக்கடை வைத்திருப்பவர். கல்லூரியில் படிக்கும் மகனைக் கடைப்பையனைப் போல வேலை வாங்குவார். மாமா வடிவேலுவும் சேர்ந்து திட்டு வாங்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. கடையை நடத்துவது போலவே அவர் வீட்டையும் நடத்துகிறார்.

பேராக்கில் பலருக்கு இது பழகிய கதை. நம் தாத்தா, பாட்டி காலத்தில் ரப்பர் தோட்டத்தில் விடியும் முன்பே பெரட்டுக்கு நிற்க வேண்டும். பால், குளிர்ந்த அதிகாலையில்தான் நன்றாக வடியும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். தாமதமாக வந்தால் கங்காணியின் அதட்டல்தான்; காரணம் கேட்க அங்கே நேரமில்லை. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள், தோட்டங்கள் மறைந்து ஈப்போ புந்தோங் போன்ற இடங்களுக்குக் குடிபெயர்ந்தபோது, அந்தப் பெரட்டையும் வீட்டுக்குக் கொண்டு வந்ததில் வியப்பில்லை.

சிரிப்பை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ (2015) அதைக் காட்டுகிறது. 1990களின் தொடக்கத்தில் நடக்கும் கதை. தோட்ட வாழ்வை இழந்த தொழிலாளி மணியத்திற்கு, மகன் அப்போய் படித்து முன்னேற வேண்டும் என்ற ஒரே ஆசை. அதற்கு அவர் அறிந்த வழி அடிதான். மகனோ குண்டர் கும்பலில் இருக்கும் சித்தப்பாவின் பக்கம் ஈர்க்கப்படுகிறான். 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது இந்தப் படம்.

இரண்டு அப்பாக்களுக்கும் பிள்ளை மீது அக்கறை உண்டு. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் தெரியவில்லை. மரத்திடம் யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை; பிள்ளையிடம் சொல்லியாக வேண்டும்.

மாணவர்களே, அடியை அன்பென்று பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அடி விழுகிறது என்றால், நம்பும் பெரியவரிடமோ பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ சொல்லுங்கள். வெறும் அதட்டல் என்றால், அப்பா ஓய்வாக இருக்கும் ஒரு மாலையில் கேட்டுப் பாருங்கள்: “என் வயசுல நீங்க காலையில எத்தனை மணிக்கு எழுந்தீங்கப்பா?”