ரொய் ஹகின்ஸ்: பெயர் பட்ட பாடு

நாவலாசிரியன் சினிமாவுக்குப் போனால் அவன் எழுத்துக் கெட்டொழியும் என்பது நம் இலக்கியக் கூட்டங்களிலே அடிக்கடி கேட்கும் பேச்சு. நானும் அவ்வாறு நம்பியவனே. அமெரிக்கரான ரொய் ஹகின்ஸின் வாழ்க்கையை அறிந்தபின், அங்கே முதலிற் கெடுவது எழுத்துத்தானா என்ற ஐயம் எனக்கு எழுந்தது.

1914 இல் பிறந்த ஹகின்ஸ், 1946 இல் 'த டபிள் டேக்' என்னும் துப்பறியும் நாவலை வெளியிட்டார். ரேமண்ட் சாண்ட்லரின் சாயல் படிந்த நூல்தான். எனினும் ஸ்டூவர்ட் பெய்லி என்றொரு துப்பறிவாளனை அதில் உருவாக்கியிருந்தார். கொலம்பியா நிறுவனம் நாவலை வாங்கிற்று. திரைக்கதையையும் அவரே எழுத, 1948 இல் படம் வெளிவந்தது. நாவலாசிரியர் திரைக்கதாசிரியரானார்.

1952 இல் சோதனை வந்தது. முன்னொரு காலத்தில் கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து, 1939 இல் ஹிட்லரும் ஸ்டாலினும் உடன்படிக்கை செய்ததும் விலகியவர் அவர். பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழு அவரை அழைத்தது. அக்குழுவுக்கு விடையளிக்க மறுத்த பதின்மர் 1950 இல் சிறை சென்றிருந்தனர். வேறு பலர் வேலையிழந்தனர். ஹகின்ஸ் பழைய தோழர்களின் பெயர்களைச் சொன்னார். முன்னரே பிறர் சொல்லிவிட்ட பெயர்கள்தாமே என்று சமாதானம் கூறலாம். என் மனம் அதை ஏற்கவில்லை. அவர் மனமும் ஏற்கவில்லைப் போலும், பிற்காலத்தில் வருந்தினார். ஆயினும், குடும்பஸ்தனாகிய நான் அந்த நாற்காலியில் அமர்ந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எண்ணும்போது, தீர்ப்புக் கூற நா எழுவதில்லை.

பின்பு வோர்னர் சகோதரர்களின் நிறுவனத்திலே தொலைக்காட்சித் தயாரிப்பாளரானார். வீரத்திலும் வாய்ச்சாதுரியத்தையே நம்பும் சூதாட்டக்காரனை நாயகனாக்கிய 'மெவரிக்' 1957 இல் ஒளிபரப்பாயிற்று. அடுத்த ஆண்டு வந்த '77 சன்செற் ஸ்ட்ரிப்' தொடரின் நாயகன் அவருடைய ஸ்டூவர்ட் பெய்லியே. ஆனால் நிறுவனம் அதன் முதற் கதையைக் கரீபியன் தீவுகளின் திரையரங்குகளிற் சிறிது காலம் ஓட்டிவிட்டு, தொடர் ஒரு திரைப்படத்திலிருந்து பிறந்ததென்று சாதித்தது. படைத்தவருக்குரிய பெயரும் அதற்குரிய பணமும் இல்லாமற் போயின. இயற்பெயர் மறைந்த நம் சங்கப் புலவருக்கு அவர் பாட்டின் சொற்றொடரே செம்புலப் பெயனீரார் என்று பெயர் தந்தது. இங்கோ படைப்பைக் கொண்டே படைத்தவன் பெயரை அழித்தார்கள்.

செய்யாத கொலைக்குத் தண்டனை பெற்றுத் தப்பிய மருத்துவர் ஒருவர், ஊர்தோறும் வேறு வேறு பெயரில் ஒளிந்து வாழும் கதையை அவர் அதன்பின் கற்பனை செய்தார். 'த ஃபியூஜிற்றிவ்' 1963 முதல் 1967 வரை 120 பகுதிகளாக ஓடியது. தயாரித்தவர் குயின் மார்ட்டின். படைத்தவர் என்ற இடத்தில் ஹகின்ஸின் பெயர் இருந்தது. இறுதிப் பகுதி ஒளிபரப்பான நேரத்தில், அமெரிக்காவிலே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தோரில் 72 சதவீதத்தினர் அதையே பார்த்தனராம்.

1974 இல் ஸ்டீவன் கனலுடன் சேர்ந்து 'த ரொக்ஃபோர்ட் ஃபைல்ஸ்' தொடரை உருவாக்கினார். 2002 இல் காலமானார். எனக்கு வியப்பளிப்பது ஒன்று: பெயருக்காக அத்தனை வழக்காடிய மனிதர், தம் கதைகள் பலவற்றிற்கு ஜோன் தோமஸ் ஜேம்ஸ் என்ற புனைபெயரை இட்டார். அது அவருடைய புதல்வர் மூவரின் பெயர்களை இணைத்தது.