இரும்பில் ஒரு கைநாட்டு

பி.காம். படித்தவனுக்கு 'காஸ்ட்' என்றால் செலவுக் கணக்குதான்! ஒரகடம் பக்கம் ஒரு சின்ன வார்ப்படப் பட்டறைக்குள் நுழைந்தபோதுதான், அது இரும்பை உருக்கி ஊற்றுகிற சமாசாரமும்கூட என்று உறைத்தது.

அச்சுப் பெட்டியில் மணலைத் திணித்துக்கொண்டிருந்தார் பெரியவர். முப்பது வருஷ சர்வீஸ்.

"இதே வேலையை இங்கிலாந்துல 400 வருஷம் முன்னாடியே செஞ்சிருக்காங்க ஐயா" என்று ஆரம்பித்தேன்.

குளிருக்கு அங்கே வீட்டுக்குள் கணப்பு மூட்டுவார்கள். பின்சுவர் வெந்து உதிராமலிருக்க ஒரு கனத்த இரும்புப் பலகை. சுவரையும் காக்கும், சூட்டை அறைக்குள் திருப்பியும் அனுப்பும். தரையில் பரப்பிய ஈர மணலில் கயிறு, கத்தி, ஏன், சொந்தக் கையைக்கூட அழுத்தி, அந்தப் பள்ளத்தில் இரும்பை ஊற்றினால் டிசைன் ரெடி! அப்புறம் மரத்தில் செதுக்கிய அச்சு, ராஜ முத்திரை, பைபிள் கதை என்று பவிசு கூடியது. ஸ்பெயின் கப்பற்படை வந்த 1588-ஆம் வருஷத்தைப் பொறித்த பலகையில் நங்கூரங்கள்.

சஸெக்ஸில் ப்ரீட் என்ற ஊரின் உலையில் ரிச்சர்ட் லெனார்ட் என்ற வார்ப்பட மேஸ்திரி ஒரு படி மேலே போனார். 1636-ல் சுத்தியலோடு தன் உருவத்தையே வார்த்துவிட்டார். சுற்றிலும் உலை, சாமான்கள், நாய். கூடவே பெயரும்!

பெரியவரின் கை நின்றது.

"நாயைக்கூட போட்டானா? நான் ஊத்துனதுல பார்ட் நம்பர்தான் தம்பி இருக்கும். விரல் பட்டாலே ரிஜெக்ட்."

கிளம்பும்போது, பேத்தி கல்யாணத்துக்கென்று வார்த்த தோசைக்கல்லைக் காட்டினார். கைப்பிடியில் லேசாக ஒரு மேடு. அவருடைய கட்டைவிரல்!

"இதை எந்த இன்ஸ்பெக்டரும் தள்ள முடியாது, தம்பி."