பருவம் தப்பிய குட்டி

வீட்டில் ஆடு ஈன்றால், "கிடாவா, பெட்டையா?" என்று கேட்கிறோம். மலையில் வாழும் ஆட்டுக்கோ, "எந்த மாதம் ஈன்றது?" என்று கேட்க வேண்டும். குட்டி பிழைக்குமா என்பதை அந்த மாதமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

நம் மாநில விலங்காகிய வரையாட்டைக் காண்போம். முக்குருத்தி, ஆனைமலை, கேரளத்து இரவிகுளம் முதலிய இடங்களின் உயர்ந்த புல்வெளிகளில் இது வாழ்கிறது. 2025ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் இருப்பவை 1,303 மட்டுமே. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இணைசேர்ந்து, ஏறத்தாழ ஆறு மாதம் சினை சுமந்து, பெரும்பாலானவை தை, மாசியில் ஈனுகின்றன. வழக்கமாக ஒரே குட்டி. மலையுச்சியில் அது நடுங்கும் குளிர்க்காலம் அன்றோ? ஆம், ஆனால் ஜூனில் தொடங்கும் மழையும் காற்றும் அதைவிடக் கொடியவை. ஜனவரி நடுவில் பிறந்த குட்டிக்கு அதற்குள் நாலரை மாதம் கிடைக்கிறது. ஏப்ரல் இறுதியில் பிறந்ததற்கு ஒரே மாதம்!

இந்த வேறுபாட்டை ஒரு கனசதுரத்தைக் கொண்டு விளக்கலாம். பக்கம் 10 செ.மீ. என்றால் பரப்பு 600 சதுர செ.மீ., கன அளவு 1,000 கன செ.மீ. பக்கத்தை 20 ஆக்கினால் பரப்பு 2,400. கன அளவோ 8,000. வெப்பம் உண்டாவது உடலுக்குள். வெளியேறுவது தோலின் வழியாக. எனவே சிறிய உடல் விரைவில் குளிர்ந்துவிடும். உரோமம் நனைந்தால் கேட்கவே வேண்டாம். குடித்த பாலெல்லாம் சூட்டுக்கே செலவானால் வளர்ச்சிக்கு எது மிஞ்சும்? ஐப்பசி அடைமழையில் பிறந்த வெள்ளாட்டுக் குட்டியைக் கோணிப்பையில் சுற்றி அடுப்பங்கரையில் கிடத்துவார் என் தாயார். பௌதிகம் படித்தவர் அல்லர்; இந்தக் கணக்கு மட்டும் அவருக்குத் தெரியும்.

பனி கொட்டும் நாடுகளில் நிலைமை இன்னும் கடுமை. வட அமெரிக்காவின் எல்க் என்னும் பெரிய மான் மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் ஈனுகிறது. கோடைப் புல்லில் கொழுப்புச் சேர்த்த கன்றே பனிக்காலத்தைத் தாண்டும். அதற்கு நெருங்கிய இனமான செம்மான்களை ஸ்காட்லாந்தின் ரம் தீவில் 1970களிலிருந்து தனித்தனியே அடையாளம் கண்டு கவனித்து வருகின்றனர். பிந்திப் பிறந்த கன்றுகள் முதற் பனிக்காலத்தில் அதிகம் மடிவதை அங்கே கண்டனர்.

பிந்துவது ஏன்? மெலிந்த தாய் தாமதமாகவே சினைக்கு வரும். அதற்குப் பாலும் குறைவு. ஆக, அந்தக் கன்றுக்கு நாளும் போதாது, பாலும் போதாது. தந்தைக்கும் இதில் பங்குண்டு. முதிர்ந்த ஆண் எல்க்குகள் இல்லாமல் இளையவையே இணைசேரும்போது சினைப்பிடிப்பு தள்ளிப்போவதை அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து ஆய்வு காட்டியது. வரையாட்டிலோ, குட்டியை இழந்த தாய் மீண்டும் சினையாவது உண்டு. அந்தக் குட்டி பருவம் தப்பித்தான் பிறக்கும்.

பிந்தியவை எல்லாம் சாகும் என்பதில்லை. மழை தாமதித்துப் புல் நன்கு துளிர்த்த ஆண்டில் ஏப்ரல் குட்டியும் தேறிவிடலாம். ஆயினும் ஈனும் காலத்தில் மனிதக் கூட்டத்தைக் கண்டு ஓடினால், தாய் மேயும் நேரமும் குட்டி பால் குடிக்கும் நேரமும் குறையும். இதற்காகவே இரவிகுளம் பூங்காவை ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மூடிவிடுகின்றனர். மூணாறுக்குச் சுற்றுலா போக எண்ணும் நண்பர்கள் தேதியைப் பார்த்துக்கொண்டு புறப்படுவது நல்லது.