ஒரு வினாடி பிசகினால் 31 பக்கெட் போச்சு!

கொதிக்கும் பிளாஸ்டிக்கில் ஊசி சொருகி கணக்குப் பார்க்கிறார்கள்

அடுப்பில் இருக்கும் குக்கரைத் தொட்டால் கை சுட்டுவிடும். அதன் கறுப்புக் கைப்பிடியைப் பிடித்தால் ஒன்றும் ஆவதில்லை. காரணம்? பிளாஸ்டிக் சூட்டை லேசில் கடத்தாது. இதில் செம்புக்கு 400 மார்க் என்றால், சாதாரண பிளாஸ்டிக்குக்கு அரை மார்க் கூடத் தேறாது!

சமையல்கட்டில் கை கொடுக்கும் இந்தக் குணம், பக்கெட் பட்டறையில் கழுத்தறுக்கிறது.

ஆற மறுக்கிறது

பட்டறையில் பிளாஸ்டிக்கை 200 டிகிரிக்கு மேல் உருக்கி, அச்சுக்குள் அழுத்துகிறார்கள். அச்சுக்குள் தண்ணீர் ஓடி அதைக் குளிர வைக்கிறது. ஆனாலும் சூடு சட்டென்று இறங்குவதில்லை. ஒரு பக்கெட் செய்யும் நேரத்தில் பெரும்பகுதி, அது ஆறுவதற்குத்தான் போகிறது. பக்கெட்டின் கனம் 2 மடங்கானால், ஆறும் நேரம் 4 மடங்கு!

அவசரப்பட்டு எடுத்தால் பக்கெட் கோணிக்கொள்ளும். வீணாகக் காத்திருந்தால்? 30 வினாடிக்கு ஒன்று என்றால், 8 மணி நேர ஷிப்டில் 960 பக்கெட். 31 வினாடி ஆனால் 929 தான். ஒரே வினாடியில் 31 பக்கெட் அவுட்!

அதனால், அச்சு வெட்டும் முன்பே எத்தனை வினாடி என்று கணக்குப் போடுகிறார்கள். அதற்கு, பிளாஸ்டிக் எவ்வளவு சூடு கடத்தும் என்ற மார்க் சரியாகத் தெரிய வேண்டும்.

ஏமாற்றும் மார்க்

ஆறிய பிளாஸ்டிக்கை அளந்தால் மட்டும் போதாது. பக்கெட், குடம் செய்யும் எச்.டி.பி.இ. பிளாஸ்டிக், கெட்டியாக இருக்கும்போது சுமார் 0.45 மார்க் வாங்கும். உருகியதும் 0.25 அருகே இறங்கிவிடும். உள்ளே ஒழுங்காக அடுக்கியிருந்த மூலக்கூறுகள் கலைந்துவிடுவதே காரணம்.

உருகியதை அளப்பது எப்படி? பழைய முறையில் தட்டுகளுக்கு நடுவே வைத்து, சூடு சீராகும்வரை மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் பிளாஸ்டிக் கெட்டுப்போகலாம்.

அதற்குத்தான் ஊசி! அதற்குள் ஒரு ஹீட்டர் கம்பி. நடுவில் டிகிரி காட்டும் தெர்மோகப்பிள். உருகிய பிளாஸ்டிக்கில் சொருகி, கொஞ்சம் மின்சாரம் விடுகிறார்கள். ஊசியின் சூடு மளமளவென்று ஏறினால், சுற்றியுள்ள பிளாஸ்டிக் சூட்டை வாங்கிக்கொண்டு போகவில்லை என்று அர்த்தம். மெதுவாக ஏறினால் நன்றாகக் கடத்துகிறது. சில நிமிடத்துக்குள் வேலை முடிந்தது! அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். அமைப்பு இதற்கு 'டி 5930' என்று தனி விதிமுறையே போட்டிருக்கிறது.

அடுத்த தடவை பக்கெட் வாங்கும்போது தரையில் வைத்துப் பாருங்கள். ஆடாமல் நிற்கிறதா? ஆற வேண்டிய வினாடி ஆறியிருக்கிறது!