மரம் செதுக்கும் கணினி இயந்திரம்

மரவேலை செய்யும் தச்சருக்கு உளியும் கொட்டாப்புளியும் இரு கைகளைப் போன்றவை. அவர் கண்ணால் அளந்து, கையால் செதுக்குவார். இன்று செதுக்கும் வேலையின் ஒரு பகுதியைக் கணினியால் இயங்கும் இயந்திரங்களும் செய்கின்றன. இவை 'சி.என்.சி.' இயந்திரங்கள் எனப்படும். எண்களைக் கொண்டு கணினி கட்டுப்படுத்தும் இயந்திரம் என்பது இதன் பொருள்.

இம்முறை அமெரிக்காவில் தோன்றியது. ஹெலிகாப்டர் இறக்கைகளின் வளைவுகளைப் பிழையின்றி உருவாக்க ஜான் பார்சன்ஸ் என்பவர் எண்களைப் பயன்படுத்த எண்ணினார். அவ்வெண்ணத்தை வளர்த்து, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1952-ஆம் ஆண்டில் எண்களால் இயங்கும் வெட்டு இயந்திரத்தைச் செயல்படுத்திக் காட்டியது. அன்று கட்டளைகள் துளையிட்ட நாடாவில் பதியப்பட்டன. அன்று தொழிற்சாலைக்கே உரியதாக இருந்த இம்முறை, இன்று வீட்டுப் பட்டறைக்கும் வந்துவிட்டது.

இயங்கும் முறை

முதலில் கணினியில் படம் வரையப்படுகிறது. வெட்டும் கருவி செல்லவேண்டிய பாதையை மென்பொருள் கணக்கிட்டு, 'ஜி-கோடு' என்னும் கட்டளைகளாக மாற்றுகிறது. அக்கட்டளைகளின்படி மோட்டார்கள், கருவியை இடம் வலமாகவும் முன்பின்னாகவும் மேல்கீழாகவும் நகர்த்துகின்றன. இம்மோட்டார்கள் படிப்படியாகச் சுழல்பவை. ஒரு முழுச் சுற்றுக்கு 200 படிகள் உள்ள மோட்டார், கருவியை 8 மில்லிமீட்டர் நகர்த்துமாயின், ஒரு படிக்கு அது நகரும் தொலைவு 0.04 மில்லிமீட்டர் மட்டுமே.

தேர்ந்தெடுக்கும் முறை

இயந்திரம் வாங்க விரும்புவோர், "எது சிறந்த இயந்திரம்?" என்று கேட்பதற்கு முன், "எதைச் செய்யப் போகிறோம்?" என்று கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். '3018' என்று குறிக்கப்படும் சிறு இயந்திரத்தின் வேலைப்பரப்பு ஏறத்தாழ 300 மில்லிமீட்டர் நீளமும் 180 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. பெயர்ப்பலகையோ சிறு பொம்மையோ செய்ய அது போதும். கதவுப்பலகை செய்ய உதவாது. ஆனால், 8 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள முழு பிளைவுட் பலகையை வெட்டும் இயந்திரமோ ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது இதற்கும் பொருந்தும்.

அடுத்துப் பார்க்கவேண்டியது சட்டத்தின் உறுதி. கருவி மரத்தை வெட்டும்போது மரமும் கருவியை எதிர்த்துத் தள்ளுகிறது. மெலிந்த சட்டம் அவ்விசைக்கு வளைந்து கொடுக்கும். அதனால் வெட்டின் விளிம்பு அலையலையாக அமையும். தேக்கு, சீசம் போன்ற மரங்களில் ஆழமாக வெட்டுவதற்கு உறுதியான சட்டம் இன்றியமையாதது. சிறிய இயந்திரத்தில் ஒரே முறையில் ஆழமாக வெட்டாமல், சிறிது சிறிதாகப் பலமுறை வெட்டுதல் நலம்.

கருவியை நகர்த்தும் உறுப்பும் முதன்மையானது. பல்பட்டை விலை குறைந்தது, விரைவாக நகர்த்தும், ஆயினும் மிகுந்த விசையில் சற்றே நீளும். திருகுதண்டு மெதுவாக நகர்த்தினாலும் இழுவிசை மிக்கது. குண்டுகள் உருளும் திருகுதண்டு இன்னும் துல்லியமானது, விலையும் மிகுதி.

விலைச்சீட்டில் காணாதவை

இயந்திரத்தின் விலையோடு செலவு முடிவதில்லை. வெட்டும் அலகுகள் மழுங்கினால் மாற்றவேண்டும். பலகையை இறுகப் பிடிக்கும் கவ்விகளும் தூசி உறிஞ்சும் கருவியும் தேவை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களுள் ஒன்றாக வகைப்படுத்தியுள்ளது. ஆதலால் தூசி உறிஞ்சியை வேண்டாச் செலவாகக் கருதுதல் தவறு. கண்ணாடியும் காதுறையும் அணியவேண்டும். உடனே நிறுத்தும் பொத்தான் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். இயந்திரம் ஓடும்போது ஒருவர் அருகிலேயே இருந்து கவனிக்கவேண்டும். சிறுவர்கள் பெரியவர் துணையின்றி இதனை இயக்கலாகாது.

தச்சரின் கை மரத்தின் கணுவை உணர்ந்து நிற்கும். எளிய சி.என்.சி. இயந்திரம் அவ்வாறு உணர்வதில்லை. பலகை நகர்ந்தாலும் மோட்டார் ஒரு படி தவறினாலும், கட்டளை முடியும்வரை அது வெட்டிக்கொண்டே செல்லும். சிந்திக்கும் பொறுப்பு என்றும் மனிதருடையதே. அப்பொறுப்பு இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது.

சொற்பொருள்

கொட்டாப்புளி – உளியை அடிக்கும் மரச்சுத்தி
கணு – மரத்தில் கிளை முளைத்த இடம்
துல்லியம் – பிழையற்ற அளவு
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது

பயிற்சி

1. எண்களால் இயங்கும் வெட்டு இயந்திரம் எந்த ஆண்டில் செயல்படுத்திக் காட்டப்பட்டது?
2. மெலிந்த சட்டத்தால் நேரும் குறை யாது?
3. ஒரு படிக்கு 0.04 மில்லிமீட்டர் நகரும் கருவி, 2 மில்லிமீட்டர் நகர எத்தனை படிகள் தேவை?
4. தச்சரின் கைக்கும் இயந்திரத்திற்கும் உள்ள வேறுபாட்டை உம் சொந்த நடையில் எழுதுக.