உங்களுக்குத் தெரியுமா? சாப்பிட்டதெல்லாம் உடம்பில் ஒட்டுவதில்லை!

● இரைப்பையின் வேலை, உணவைக் கூழாக்கி அனுப்புவதோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அதிலுள்ள சத்தைப் பிரித்து ரத்தத்தில் சேர்ப்பது பெரும்பாலும் சிறுகுடல்தான். அதன் உள்சுவர் செல்கள் மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் உதிர்ந்து புதிதாக முளைத்துவிடும்.

● குடலை விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள். 2014-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் மறுபடி கணக்கிட்டதில், உணவுப்பாதை முழுவதும் சேர்த்தே சுமார் 32 சதுர மீட்டர்தான் தேறியது. பாதி பேட்மின்டன் கோர்ட்! அதுவே பெரிய விஷயம்தான். ஒரு மில்லிமீட்டர் உயரமே உள்ள குடலுறிஞ்சிகள் நெருக்கமாக நிற்பதால்தான் அவ்வளவு பரப்பு கிடைக்கிறது.

● நாம் குடிப்பது இரண்டு லிட்டர் என்றால், உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர் எல்லாம் கலந்து சிறுகுடலுக்குள் வருவது தினமும் எட்டு, ஒன்பது லிட்டர். பெருங்குடலுக்குப் போய்ச் சேர்வது ஒன்றரை லிட்டர் இருந்தால் அதிகம்.

● எந்தச் சத்து எங்கே ஏறும் என்பதற்கும் இட ஒதுக்கீடு உண்டு. இரும்புச்சத்து முதல் பகுதியில். வைட்டமின் பி12 கடைசிப் பகுதியில். குடல் காசநோய்க்காக அந்தக் கடைசிப் பகுதியை நிறைய வெட்டி எடுத்தவர்கள், தினமும் கறியும் மீனும் சாப்பிட்டாலும் பி12 ஊசி போட வேண்டிவரும்.

● சத்து ஏறவில்லை என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது பல நேரம் மலம்தான். டாக்டரிடம்கூட இதைச் சொல்லக் கூச்சப்படுகிறோம். வெளிறிய நிறம், அளவில் அதிகம், சகிக்க முடியாத நாற்றம், எண்ணெய்ப் பிசுக்கு, இரண்டு மூன்று முறை தண்ணீர் ஊற்றினாலும் பீங்கானை விட்டுப் போகாது. இப்படி இருந்தால் கொழுப்பு உறிஞ்சப்படாமல் வெளியேறுகிறது என்று அர்த்தம். அதோடு வைட்டமின் ஏ, டி, ஈ, கே நான்கும் போகும். மாலைக்கண், எலும்பு வலி, லேசாக இடித்தாலே ரத்தக்கட்டு என்று விளைவுகள் வரிசை கட்டும். என்றோ ஒருநாள் மலம் மிதந்தால் பயம் வேண்டாம், அது பெரும்பாலும் வாயு.

● மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்கியும் ஹீமோகுளோபின் ஏறவில்லையா? மாத்திரையை மட்டும் மாற்றிக்கொண்டிருக்காமல் குடலையும் பார்க்கச் சொல்லலாம். கோதுமையிலுள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாமல் குடலுறிஞ்சிகள் தேயும் சீலியாக் நோயில், வயிற்றுப்போக்கே இல்லாமல் ரத்தசோகை மட்டும் தலைகாட்டுவது உண்டு. இந்த நோயாளிகள் சப்பாத்தி, பரோட்டாவோடு ரவா உப்புமாவையும் விட வேண்டும். சாம்பாரும் தப்பாது, கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். ஆனால், சந்தேகம் வந்ததுமே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திவிட்டுப் போனால் ரத்தப் பரிசோதனை 'ஒன்றுமில்லை' என்று காட்டிவிடக்கூடும்.

● கோதுமைக்குச் சம்பந்தமே இல்லாமலும் குடலுறிஞ்சிகள் தேய்வதுண்டு. 1960-களில் வட ஆர்க்காடு கிராமங்களில் நீடித்த வயிற்றுப்போக்கும் மெலிவும் கொள்ளைநோய் போலப் பரவின. அதை ஆராய்ந்தவர்கள் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் பேக்கர், மாத்தன் உள்ளிட்டோர். நோயின் பெயர் வெப்பமண்டல ஸ்ப்ரூ. இன்றும் இதற்கு முக்கிய மருந்து ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும்தான்.