பழைய பதிப்பில் புதிய சேர்க்கைகள்

கணிப்பொறி விளையாட்டு என்றதும் பெற்றோர் முகம் சுளிப்பது இயற்கையே. நேரம் வீணாகும், கண் கெடும் என்று அவர்கள் கூறுவதை நாங்கள் மறுக்க வரவில்லை. ஆனால் நம் பள்ளி மாணவியர் பலரின் வீடுகளில் ஒரு விளையாட்டு ஏற்கெனவே குடிபுகுந்துவிட்டது. அதில் வெளியிலிருந்து கிடைக்கும் சேர்க்கைகளை நிறுவும் வேலையும் விடுமுறை நாட்களில் ஜோராக நடைபெறுகிறது. தெரியாமல் செய்வதால் வரும் கேடுகளே அதிகம். ஆதலால் அந்த வேலை எப்படி நடக்கிறது, ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைக் கணிப்பொறி அறிவியல் பிரிவு மாணவியராகிய நாங்கள் இங்கே எடுத்துரைக்கிறோம்.

நாங்கள் குறிப்பிடும் விளையாட்டின் பெயர் மைன்கிராப்ட். ஸ்வீடன் நாட்டின் மார்க்கஸ் பெர்சன் என்பவர் 2009 மே மாதத்தில் இதன் முதல் வடிவத்தை வெளியிட்டார். முழு வடிவம் 2011 நவம்பர் 18 அன்று வந்தது. 2014 இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் 250 கோடி டாலர் கொடுத்து இதனை உருவாக்கிய நிறுவனத்தையே வாங்கிற்று. 2023 இல் விற்பனை 30 கோடிப் பிரதிகளைத் தாண்டிவிட்டது. கல், மண், மரம் என்று உலகம் முழுவதும் சதுரக் கட்டிகளால் ஆனது. அவற்றை வெட்டி எடுக்கலாம், அடுக்கிக் கட்டலாம். எங்களுள் சிலர் ஆர்க்காட்டு டெல்லி கேட்டையும் பாலாற்றுப் பாலத்தையும் இதில் கட்டிப் பார்த்திருக்கிறோம். கைப்பேசியில் ஓடுவது வேறு பதிப்பு. இக்கட்டுரை கணிப்பொறியில் ஓடும் ஜாவா பதிப்பைப் பற்றியது.

விளையாட்டை உருவாக்கியவர் அல்லாத ஒருவர் எழுதி, அதனோடு இணைக்கத் தரும் நிரல் துணுக்குக்கு 'மாட்' என்று பெயர். (நம்மூரில் இச்சொல்லைச் சொன்னால் தோல் ஷாப்புக்குத் தோல் தரும் மாட்டைத்தான் பெரியவர்கள் நினைப்பார்கள்!) சில மாட்டுகள் புதிய மரங்களையும் விலங்குகளையும் கொண்டுவரும். சில, இயந்திரங்களைக் கொண்டுவரும். 2011 இல் டேனியல் ராட்கிளிஃப் உருவாக்கிய கம்ப்யூட்டர்கிராப்ட் எனும் மாட், விளையாட்டுக்குள்ளேயே ஒரு கணிப்பொறியையும், லுவா மொழியில் நிரல் எழுதினால் சொன்னபடி வேலை செய்யும் 'ஆமை'களையும் தருகிறது. பாடப் புத்தகத்தில் படித்த மடக்கு வாக்கியத்தை ஆமைக்கு எழுதிக் கொடுத்து, அது சுரங்கம் தோண்டுவதைப் பார்க்கும்போது பாடம் மனத்தில் பதிகிறது. எங்களுக்கு இந்த விளையாட்டில் பிடித்த பகுதியும் இதுவே.

சரி, புதிய பதிப்பு இருக்கப் பழைய பதிப்பு எதற்கு? நம் பகுதியில் இதற்குரிய காரணம் மிக எளிது. தமிழக அரசு 2011 இல் தொடங்கிய திட்டத்தின் கீழ், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் படித்த மாணவ மாணவியருக்கு விலையில்லா மடிக்கணினி கிடைத்தது. அக்கா வாங்கி வந்த அந்த மடிக்கணினியே இன்று பல வீடுகளில் தங்கையின் கைக்கு வந்திருக்கிறது. முதல் ஆண்டுகளில் தந்தவற்றில் நினைவகம் 2 ஜிபிதான். இன்றைய மைன்கிராப்டுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதுமட்டுமன்று, 2021 இல் வந்த 1.17 பதிப்பு முதல், திரையில் படம் வரைவதற்கு ஓப்பன் ஜிஎல் 3.2 என்ற வசதி கட்டாயமாயிற்று. அக்கால மடிக்கணினிகள் பலவற்றின் வரைகலைச் சில்லுகளில் அது இல்லை. நினைவகத்தைக் கூட்டினாலும் இந்தக் குறை தீராது. ஆகவே 1.7.10, 1.12.2 போன்ற பழைய பதிப்புகளே இவற்றுக்கு ஏற்றவை. மாட் எழுதுவோரும் இவ்விரண்டில் நெடுநாள் தங்கிவிட்டமையால், சேர்க்கைகளுக்கும் பஞ்சமில்லை.

ஒரு பதிப்புக்கு எழுதிய மாட் மற்றொரு பதிப்பில் ஏன் ஓடுவதில்லை என்பதே பலரும் கேட்கும் சந்தேகம். காலணி தைக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இதனை விளக்குவது சுலபம். காலணியின் மேற்பாகத்தை 'லாஸ்ட்' என்னும் கால் அச்சின்மேல் இழுத்துப் பொருத்துகிறார்கள். ஆறாம் எண் அச்சுக்கு வெட்டிய மேற்பாகத்தை எட்டாம் எண் அச்சில் இழுத்தால் தோல் கிழியும். மைன்கிராப்டில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். பிறர் எளிதில் படிக்கக் கூடாது என்பதற்காக அதன் நிரலில் உள்ள பெயர்களை எல்லாம் ஓரெழுத்து, ஈரெழுத்துக் குறிகளாகச் சிதைத்தே வெளியிட்டு வந்தார்கள். பதிப்புக்குப் பதிப்பு அந்தக் குறிகள் மாறின. அவற்றுக்குப் பொருள் கண்டு, படிக்கத்தக்க பெயர்களைத் தன்னார்வலர்களே சூட்டினார்கள். நிறுவனம் தானே பெயர்ப் பட்டியலைத் தந்தது 2019 இல்தான்.

ஆரம்ப நாட்களில் மாட் நிறுவுவது ஓர் அறுவைச் சிகிச்சை. விளையாட்டு முழுவதும் 'ஜார்' என்னும் ஒரே கோப்பில் சுருக்கி வைக்கப்பட்டிருந்தது. அதைச் செவன்-ஜிப் போன்ற மென்பொருளால் திறந்து, மாட்டின் கோப்புகளை உள்ளே போட்டு, அங்கிருந்த மெட்டா-இன்ஃப் என்ற உறையை நீக்க வேண்டும். அதை நீக்க மறந்தால் விளையாட்டு கறுப்புத் திரையோடு நின்றுவிடும். காரணம் இதுதான்: அந்த உறையில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிய முத்திரை இருந்தது. முத்திரையிட்ட தோல் கட்டைப் பிரித்து வேறொரு தோலைச் செருகி அனுப்பினால், சோதிப்பவர் முத்திரையைப் பார்த்துத் திருப்பிவிடுவார் அல்லவா? ஜாவாவும் அப்படியே திருப்பியது. 1.5.2 வரையுள்ள பதிப்புகளுக்கான பழைய குறிப்புகளில் இந்த வழியையே காணலாம். அதற்குப் பிந்திய பதிப்புகளுக்கு இது வேண்டுவதில்லை.

எண் சண்டை மற்றொன்று. அக்காலத்தில் ஒவ்வொரு கட்டிக்கும் ஓர் எண் உண்டு. கல்லுக்கு 1, மண்ணுக்கு 3 என்பது போல. இரண்டு மாட்டுகள் ஒரே எண்ணைக் கேட்டால் விளையாட்டு தொடங்காது. அமைப்புக் கோப்பைத் திறந்து ஒன்றின் எண்ணை நாமே மாற்ற வேண்டும். ஏற்கெனவே கட்டிய உலகமோ பழைய எண்களையே நினைவில் வைத்திருக்கும்; எண்ணை மாற்றினால் வீட்டுச் சுவர் வேறு பொருளாகிவிடும். 1.7 பதிப்பிலிருந்து பெயரால் அடையாளம் காணும் முறை வந்து இத்தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது. 2018 இல் வந்த 1.13 பதிப்பு எண் முறையை அடியோடு களைந்தது. அதற்காக மாட்டுகளைப் பெருமளவு திருத்தி எழுத வேண்டியிருந்ததால், பலர் 1.12.2 ஐ விட்டு நகரவில்லை.

இனி, 1.12.2 இல் செய்யும் முறையைப் பார்ப்போம். 2013 இல் வந்த புதிய துவக்கி மென்பொருளில், பழைய பதிப்பு எதனையும் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. அதில் 1.12.2 ஐத் தேர்ந்து, சேர்க்கை எதுவும் இல்லாமல் ஒருமுறை ஓட்டிவிட வேண்டும்; தேவையான கோப்புகள் அப்போதுதான் இறங்கும். பிறகு ஃபோர்ஜ் என்னும் இணைப்பு மென்பொருளில் அதே 1.12.2 க்கு உரியதைப் பெற்று நிறுவ வேண்டும். மாட்டுகளுக்கும் விளையாட்டுக்கும் நடுவே நிற்பது இதுதான். இதன் பின்னர் ஜார் கோப்பை வெட்டிப் பிளக்க வேண்டியதில்லை. 'மாட்ஸ்' என்ற உறைக்குள் மாட்டின் கோப்பைப் பிரிக்காமல் அப்படியே வைத்தால் போதும். 1.7.10 க்கு ஓர் உறை, 1.12.2 க்கு ஓர் உறை என்று விளையாட்டின் இருப்பிடத்தையே தனித்தனியாக அமைத்துக் கொள்வது உத்தமம். இல்லாவிடில் இரண்டும் கலந்து குழப்பும்.

மாட்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதை மிகவும் வற்புறுத்துகிறோம். இருபதை ஒரே மூச்சில் போட்டுவிட்டு, எது கெடுத்தது என்று தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவதாகும். விளையாட்டு நின்றுவிட்டால் 'க்ராஷ் ரிப்போர்ட்ஸ்' உறையில் ஓர் அறிக்கை இருக்கும். அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. முதல் சில வரிகளிலேயே குற்றவாளியின் பெயர் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். ஒரு மாட் தனக்குத் துணையாக வேறொரு மாட்டைக் கேட்பதும் உண்டு. அந்தத் துணையின் பெயரையும் பதிப்பையும் அறிக்கையே கூறும்.

ஜாவாவின் பதிப்பும் பொருந்த வேண்டும். 1.12.2 ஃபோர்ஜுக்கு வேண்டியது ஜாவா 8. 2017 இல் வந்த ஜாவா 9, கோப்புகளை ஏற்றும் முறையையே மாற்றிவிட்டதால் பழைய ஃபோர்ஜ் அதன்மேல் தடுக்கி விழும். 'புதியது எதுவோ அதுவே நல்லது' என்று கடைக்காரர் போட்டுத் தரும் ஜாவா இங்கே உதவாது. 2 ஜிபி நினைவகம் உள்ள கணிப்பொறியில் விளையாட்டுக்கு 1 ஜிபிக்கு மேல் ஒதுக்காதீர்கள். மிச்சம் விண்டோஸுக்கு வேண்டும். படம் வரையும் வேலையைக் குறைக்கும் ஆப்டிஃபைன் என்ற மாட்டை முதலில் போட்டுக்கொண்டால் பழைய இயந்திரமும் ஓரளவு மூச்சு வாங்காமல் ஓடும்.

பெற்றோரும் அருட்சகோதரியரும் கவனமாகப் படிக்க வேண்டிய இடத்துக்கு இப்போது வருகிறோம். மாட் என்பது படமோ பாட்டோ அன்று. அது ஒரு நிரல். நாம் இருசொடுக்கு செய்து ஓட்டும் வேறெந்த நிரலையும் போலவே அதனாலும் கணிப்பொறியில் உள்ளதைப் படிக்க முடியும். அதே மடிக்கணினியில்தான் அப்பா வங்கிக் கணக்கைப் பார்க்கிறார்; அக்கா உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறாள். 2023 ஜூன் மாதத்தில் 'ஃபிராக்சரைசர்' என்று பெயரிடப்பட்ட தீநிரல், பெயர்பெற்ற கர்ஸ்ஃபோர்ஜ் தளத்திலேயே சில மாட்டுகளுக்குள் ஒளிந்து பரவியது. உலாவியில் சேமித்த கடவுச் சொற்களைத் திருடியதோடு, கணிப்பொறியில் கண்ட மற்ற ஜார் கோப்புகளிலும் அது தொற்றிக்கொண்டது. நல்ல தளத்திலேயே இப்படி நேர்ந்தது என்றால், மாட் எழுதியவரின் பெயரே இல்லாமல் கோப்பை மறுபதிவு செய்து விளம்பரக் காசு பார்க்கும் தளங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

2021 டிசம்பரில் வெளிப்பட்ட ஓட்டை இதைவிட விசித்திரமானது. நடப்பதை எல்லாம் குறித்து வைக்கும் லாக்4ஜே என்ற துணை நிரல் மைன்கிராப்டில் உண்டு. தொழிற்சாலை வாயிலில் வருகைப் பதிவேடு எழுதும் காவற்காரரைப் போன்றது அது. வந்தவர் சொன்னதை எழுதி வைப்பதே அவர் வேலை. ஆனால் ஒரு குறிப்பிட்ட பாணியில் சொன்னால், எழுதுவதோடு நில்லாமல், சொன்ன இடத்துக்குப் போய் அங்கிருந்து கொண்டுவந்ததைச் செய்தும் வைத்தது! உடன் விளையாடும் எவரேனும் உரையாடலில் ஒரு வரி தட்டினாலே போதும். 1.7 முதல் 1.18 வரை உள்ள பதிப்புகள் இதற்கு இலக்காயின. அதிகாரபூர்வத் துவக்கியில் பழைய பதிப்புகளையும் திருத்திவிட்டார்கள். பழைய பதிப்பில் பலரும் சேரத் தாமே சர்வர் நடத்துவோர் மட்டும், நிறுவனம் தந்த திருத்தக் கோப்பைத் தம் கையாலேயே சேர்க்க வேண்டும். கள்ளத்தனமாகப் பரவும் துவக்கிகளில் இத்திருத்தம் இருக்கும் என்று நம்புவதற்கு இடமில்லை.

ஜாவா பதிப்பைக் காசு கொடுத்தே வாங்க வேண்டும். அவ்வளவு செலவு செய்ய இயலாதோர்க்கு, பின்லாந்தின் பெர்ட்டு அஹோலா 2010 இல் தொடங்கிய மைன்டெஸ்ட் இருக்கிறது. 2024 இல் அதன் பெயர் லுவான்டி என்று மாறிற்று. இலவசம்; குறைந்த நினைவகத்திலும் ஓடும்; லினக்ஸிலும் ஓடும். அதன் மாட்டுகள் லுவா மொழியில் எழுதிய சாதாரண உரைக் கோப்புகள். திறந்து படிக்கலாம், திருத்தலாம். நிரல் கற்க விரும்பும் தோழியருக்கு மைன்கிராப்டைவிட இதையே நாங்கள் சிபாரிசு செய்வோம்.

இறுதியாக, கட்டிய உலகத்தைக் காப்பது பற்றி. மாட் ஒன்றைச் சேர்ப்பதற்கு முன்பும் நீக்குவதற்கு முன்பும் 'சேவ்ஸ்' உறையை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள். பழைய உலகத்தைப் புதிய பதிப்பில் திறக்கலாம். திறந்தபின் பழைய பதிப்புக்குத் திரும்ப வழியில்லை. மாட்டை நீக்கிவிட்டு உலகத்தைத் திறந்தால், இன்னின்ன பொருள்கள் காணவில்லை, தொடரலாமா என்று ஃபோர்ஜ் கேட்கும். அவசரத்தில் 'ஆம்' என்று அழுத்தினால் அந்தப் பொருள்கள் இருந்த இடமெல்லாம் வெறும் காற்றாகிவிடும். 'இல்லை' என்று அழுத்திவிட்டு, நீக்கிய மாட்டை மறுபடி அதன் உறையில் வைத்துத் திறந்தால் சுவரும் கூரையும் இருந்தபடியே இருக்கும்.